‘இல்லீங்க’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய விதி

மல்லசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் கடையில் அச்சு எந்திரம் எதுவும் கிடையாது. அட்டை சிவகாசியிலிருந்து வருகிறது. அச்சடிப்பது திருச்செங்கோட்டில் ஒரு பிரஸ்ஸில். நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழைப்பிதழில் என்ன எழுதுவது, எந்தப் பெயரை எங்கே போடுவது என்று முடிவு செய்வது மட்டும்தான் என் வேலை. கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஒற்று மிகுமா மிகாதா என்று வாடிக்கையாளரோடு சண்டை போட்டு ஆர்டரை இழந்திருக்கிறேன். அட்டை எடுத்து வருவது, பிரஸ்ஸுக்குப் போய் வருவது, கட்டுக் கட்டி வைப்பது எல்லாம் என் கணவர். நான் சண்டை போட்டு அனுப்பியவர்களைச் சமாதானம் சொல்லித் திரும்ப அழைத்து வருவதும் அவர்தான்.

ஏஐ எங்கள் கடைக்குள் வந்தது ஒரு மார்கழியில். மார்கழியில் கல்யாணம் இல்லை, எனவே வேலையும் இல்லை. சும்மா இருந்த நேரத்தில் போனில் இறக்கிப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முன்பெல்லாம் விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது யாரும் எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர், ஓடுகிற பஸ்ஸில் ஒருவர், சமையலறையில் குக்கர் விசில் அடிக்க அடிக்க ஒருவர். மாப்பிள்ளையின் பெயர் மூன்றாவது நிமிடத்தில் வரும், மண்டபத்தின் பெயர் ஏழாவது நிமிடத்தில் வரும், இடையில் பால்காரரோடு பேசியதும் வரும். இதையெல்லாம் காதில் வாங்கி எழுதியே என் பாதி நாள் போய்க்கொண்டிருந்தது. ஏஐயிடம் அந்தக் குரல் பதிவைக் கொடுத்தால் அது எழுத்தாக்கி, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, இடம், நேரம் என்று பிரித்து, மேலே நாலு வரி வாழ்த்துப் பாட்டும் வைத்துக் கொடுத்துவிடும். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள்.

பாட்டுதான் சகிக்காது. கல்யாணம் என்றால் ‘இரு உள்ளங்களின் சங்கமம்’. காதுகுத்து என்றால் ‘உறவுகளின் சங்கமம்’. மளிகைக் கடை திறந்தாலும் சங்கமம்தான். பவானியும் காவிரியும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறோம் என்பதை யாரோ அதனிடம் சொல்லிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை நாமக்கல் பக்கம் ஒருவர் புதிதாக முட்டைக் கோழிப் பண்ணை திறந்தார். அந்தக் கோழிகள் கூண்டுக்குள் திரும்பி நிற்கக்கூட இடமில்லாமல் வாழ்கிறவை. அதற்கு ஏஐ எழுதிய தலைப்பு வரி, ‘சிறகுகள் விரியட்டும்’. நான் அடித்துவிட்டு வேறு எழுதி இரண்டையும் அனுப்பினேன். பண்ணைக்காரருக்குப் பிடித்தது சிறகுகள்தான். வாசலில் பெரிய பேனராகவே வைத்துவிட்டார். அன்றைக்கு என் எம்.ஏ.வுக்குக் கொஞ்சம் காயம் பட்டது.

அடுத்த சிக்கல் பேச்சு. நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. சேலத்துக்குக் கிழக்கே பேச்சு வேறு. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதிதில் நானே பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவள். ஏஐ என்னைவிடப் புதிய மருமகள். ஒரு அம்மா, “நம்மூட்டுல விசேசமுங்க” என்று பேசி அனுப்பியதை அது ‘நம் ஊட்டியில் விசேஷம்’ என்று எழுதி, மண்டபம் இருக்கும் இடத்தில் உதகமண்டலம் என்றும் போட்டுவிட்டது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “அம்மிணி, போறதுக்கு வேன் ஏற்பாடு பண்ணீட்டாங்களான்னு கேளு, நாமளும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்” என்றார். இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அதற்கு விதிகள் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வேலையையும் தொடங்குவதற்கு முன்னால் அது படித்துக்கொள்ள வேண்டிய குறிப்புகள். ‘ஊடு என்றால் வீடு, ஊட்டி அல்ல.’ ‘சாமி என்று அழைத்தால் அது பெரும்பாலும் எதிரே இருக்கும் மனிதர். சின்னக் குழந்தையாகவும் இருக்கலாம், கடவுள் என்று நீயாக முடிவு கட்டாதே.’ ‘அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர்.’ ‘சங்கமம் என்ற சொல்லைப் பயன்படுத்தாதே.’ இப்படி ஒன்றொன்றாகச் சேர்ந்தது. விதிகளை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டில் நான் சொல்வதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்பவர்கள் யாரும் இல்லை.

ஏழாவது விதிக்கு ஒரு கதை உண்டு. ஒரு மாப்பிள்ளையின் தாத்தா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டு அச்சடித்துவிட்டோம். இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய மகன் கடைக்கு வந்து அட்டையை மேசையில் போட்டு, “ஏனுங்க, எங்கய்யன் எந்திரிச்சு வந்துட்டாருங்களா? ஊட்டுப் பக்கம் இன்னும் வரலீங்களே” என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. இந்தப் பக்கத்து மரியாதையில் திட்டு வாங்குவது தனி அனுபவம். நான் குரல் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் தெளிவாகச் சொல்லித்தான் இருந்தார். “தாத்தா இல்லீங்க” என்று.

கல்யாணப் பேச்சு எடுக்கும்போது யாரும் ‘செத்துப்போனார்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘இறந்துவிட்டார்’ என்பதையும் வாயில் எடுக்க மாட்டார்கள். நல்ல காரியத்தில் அந்தச் சொல் விழக்கூடாது. ‘இல்லீங்க’ என்பார்கள். அவ்வளவுதான். கேட்கிறவர் புரிந்துகொள்ள வேண்டும். எனவே ஏழாவது விதியை இப்படி எழுதினேன்: ‘ஒருவரைப் பற்றி இல்லீங்க என்று சொன்னால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள். பெயருக்கு முன்னால் திரு போடாதே. தெய்வத்திரு போடு.’ எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன். இலக்கண நூலில் வருகிற சூத்திரம் மாதிரி சுருக்கமாக இருந்தது. எனக்கே பிடித்திருந்தது.

அந்தக் குரல் பதிவு வந்தது சித்திரை மாதம். வைகாசியில் கல்யாணம். ஒரு சேகோ பேக்டரியில், ஜவ்வரிசி காயப்போடுகிற களத்தில் வேலை செய்கிற அம்மா. தன் மகளுக்கு அழைப்பிதழ் வேண்டும் என்று, கூட வேலை செய்கிறவரின் போனிலிருந்து பேசி அனுப்பியிருந்தார். பேச்சுக்குப் பின்னால் எந்திரம் ஓடுகிற சத்தம் விடாமல் இருக்கிறது. நான் அதை அப்போது கேட்கவில்லை, பிற்பாடு பல தடவை கேட்டேன். அதனால் எனக்கு மனப்பாடம்.

“ஏனுங்க, பத்திரிக்கைக்குங்க. பொண்ணோட அப்பா பேரு மொதல்ல போடோணுமுங்க. அவரு இல்லீங்க. ஆனாலும் அவரு பேருதான் மொதல்ல வரோணுமுங்க. அப்பறம் எம்பேரு.”

பிறகு மற்ற விவரங்கள். மாப்பிள்ளை வீடு, முகூர்த்தம், மண்டபம். புரூஃபை மகளின் நம்பருக்கு அனுப்பச் சொல்லி அந்த நம்பரையும் கொடுத்திருந்தார்.

முன்பு என்றால் இதை நான் காதால் கேட்டிருப்பேன். சித்திரையில் வேலை குவிந்து கிடந்தது. ஏஐ சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தது. ‘தெய்வத்திரு’ என்று போட்டு அப்பா பெயர், ‘திருமதி’ என்று போட்டு அம்மா பெயர், ‘அவர்களின் குமாரத்தி’ என்று பெண்ணின் பெயர். எல்லாம் ஒழுங்கு. சங்கமம்கூட இல்லை. ‘திருமணப் பத்திரிக்கை’ என்று இருந்ததில் க்-ஐ எடுத்துப் ‘பத்திரிகை’ ஆக்கினேன். அந்த ஒரு க்-ஐ எடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பிறகு டிசைனில் ஏற்றி, மகளின் நம்பருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. சரி என்று அர்த்தம். பிரஸ்ஸுக்குப் போய் அடித்து வந்தது. அந்த அம்மாவின் அண்ணன் வந்து அழைப்பிதழ்க் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கு மூன்றாம் நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. காலை பத்து மணி இருக்கும். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. நெற்றியில் காசு அளவுக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக மாற்றியிருந்தார். யாரோ புதிய ஆர்டர் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “வாங்க, உக்காருங்க” என்றேன்.

அவர் உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நாங்கள் அடித்ததுதான். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“இது என்னங்க?”

தெய்வத்திரு. நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். அவர் நெற்றியைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன்.

“மொதப் பத்திரிக்கைய குலதெய்வத்துக்கு வெச்சோமுங்க. பூசாரி எடுத்துப் பேரெல்லாம் சத்தமாப் படிச்சாரு. இந்த வார்த்தையையும் படிச்சாரு. அவரு எதோ தப்பாப் படிக்கறாருன்னு நெனச்சனுங்க. அப்பறம் பஸ்ல வரையில நானே படிச்சுப் பாத்தேன்.”

“மெஷின் போட்டுடுச்சுங்க” என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது, முதலில் வந்த சொல் அதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். “இப்பல்லாம் ஏஐதாங்க பாதி வேலை பார்க்குது. அது சில நேரம் இப்படித் தப்பாப் புரிஞ்சுக்கும்.”

“மெஷினுக்கு யாருங்க சொன்னது?”

அவர் கேட்டது சாதாரணமான கேள்வி. மெஷினுக்கு யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாறாக, அவர் பேசி அனுப்பிய பதிவைத் தேடி எடுத்து அவருக்கே போட்டுக் காட்டினேன். ‘அவரு இல்லீங்க’ என்று அவர் குரலே கடை முழுக்கக் கேட்டது. என் கணவர் உள்ளே கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிறுத்து என்பது மாதிரி கையைக் காட்டினார். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. இன்னொரு தடவை போட்டேன்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஆமாங்க, நாந்தான் சொல்லியிருக்கறேன்” என்றார். “ஊட்ல இல்லீங்கன்னு சொல்ல வந்தனுங்க. ஊர்ல இல்லீங்கன்னு. அது இப்படிப் போயிருச்சு.”

என் கணவர் வெளியே வந்து, “அதுக்கென்னங்க, மறுக்கா அடிச்சு நாளைக்குள்ள தந்தரலாமுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க” என்றார். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். என்னால் செய்ய முடியாமல் போனதை அவர் இரண்டு வாக்கியத்தில் செய்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு அந்த அம்மா தானாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக வடக்கே சத்தீஸ்கர் பக்கம் போனவர். மகள் ஆறாவது படிக்கும்போது போனார். முதல் இரண்டு வருடம் தீபாவளிக்கு வந்தார். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. வண்டி முதலாளியைக் கேட்டால், அங்கேயே கணக்கை முடித்துக்கொண்டு ஒரு ஊரில் பஸ் ஏறிப் போய்விட்டார் என்றார். அண்ணன் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பத்து நாள் தேடிவிட்டுத் திரும்பி வந்தார்.

“இருக்கறாருன்னு சொல்றதுக்கும் ஆளில்லீங்க, இல்லைன்னு சொல்றதுக்கும் ஆளில்லீங்க. மாப்பிள்ளை ஊட்ல கேட்டப்ப, வடக்க வேலையில இருக்கறாரு, லீவு கெடைக்கலைன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நாளைக்கு அவிய ஊட்டுக்குப் பத்திரிக்கை கொண்டு போகோணும். இதைக் கொண்டு போயி எப்படிக் குடுக்கறது?”

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் முழுக் கனம் புரிந்தது. அந்த ஒரு சொல் இவர் சம்பந்தி வீட்டில் சொன்னதைப் பொய்யாக்கும். அதைவிட, தன் மகள் கல்யாணத்துக்குத் தானே ஊர் முழுக்கக் கொடுக்கிற தாளில் இவர் தாலி அறுத்தவராக நிற்பார்.

“இப்பவே மாத்திடறேங்க” என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் டிசைனைத் திறந்தேன். தெய்வத்திரு என்பதில் முன்பாதியை அழித்தால் போதும், திரு மிஞ்சிவிடும். அழித்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“புரூஃப் உங்க பொண்ணுக்குத்தான் அனுப்பினேன். அவங்களும் கவனிக்காம ஓகே குடுத்துட்டாங்க” என்று அந்தக் கட்டைவிரலைக் காட்டினேன். பழியில் கொஞ்சம் அந்தப் பெண் பக்கமும் தள்ளிவிடலாம் என்ற எண்ணம்தான், வேறொன்றும் இல்லை.

அவர் அதை உற்றுப் பார்த்தார். “இவ ஒரு புள்ளி விட்டாலும் கண்டுபுடிக்கறவளுங்களே” என்றார். மகள் சேலத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ரத்தத்தில் எது எவ்வளவு என்று எழுதுகிற வேலை. உடனே போன் போட்டார். பெரிய எழுத்து வைத்த பட்டன் போன். சத்தம் தானாகவே வெளியே கேட்டது.

“சாமி, பத்திரிக்கைல அப்பா பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு அடிச்சிருக்குது. நீ பாக்காம அனுப்பிட்டியா?”

“பாத்தேம்மா.”

“பாத்துட்டா?”

“பாத்துட்டுத்தான் சரின்னு போட்டேன். நானாப் போடச் சொல்லலை. அதுவா வந்துருந்துது. வந்தது வந்தபடி இருக்கட்டும்னு உட்டுட்டேன்.” பிறகு குரல் மாறியது. “எத்தன நாளைக்கும்மா வடக்க இருக்கறாருன்னு சொல்றது? நாளைக்கு எனக்கொரு கொழந்தை பொறந்தா அதுகிட்டயும் இதையேதான் சொல்லோணுமா? உசுரோட இருந்து என்ற கல்யாணத்துக்கு வராத அப்பாவை உட, இந்த அப்பா தேவலைம்மா.”

மகள், “அம்மா, இருக்கியா?” என்று கேட்டாள். “இருக்கறஞ் சாமி, வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நான் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கினேன். என் கணவர் உள்ளே போய்விட்டார். வெளியே சந்தைக்குப் போகிற வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வெகு நேரம் மாதிரி இருந்தது. உண்மையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்னென்ன யோசித்திருப்பார் என்று நான் இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் சரியாக வரவில்லை.

“மாத்த வேண்டாமுங்க” என்றார்.

“இல்லீங்க, செலவெல்லாம் எங்களோடது. தப்பு எங்க மேல.”

“அதுக்கில்லீங்க. அவ சொல்றது சரிதான். ஓடிப் போனவன்னு பேரெடுக்கறதுக்கு இந்தப் பேரு அவருக்கு நல்லாத்தான் இருக்குது.” மஞ்சள் தடவிய அழைப்பிதழை எடுத்துப் பைக்குள் வைத்தார். “யாராச்சும் கேட்டா, தெய்வத்திருன்னு மெஷின் தப்பா அடிச்சிருச்சு, அவரு வடக்க நல்லா இருக்கறாருன்னு நான் சொல்லிக்கறனுங்க. உங்ககிட்ட வந்து கேட்டாலும் அப்படியே சொல்லீருங்க, சாமி. மெஷின் தப்புன்னு.”

சொல்கிறேன் என்றேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மெஷின் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் எழுதிய விதியை எழுத்துப் பிசகாமல் செய்தது. இறந்தவரைச் சொல்லும்போது இங்கே குரல் தாழ்ந்து ஒரு கணம் நின்று பிறகு ‘இல்லீங்க’ என்று வரும். ஊரில் இல்லாதவரைச் சொல்லும்போது அந்த நிறுத்தம் இருக்காது. அந்த அம்மாவின் பதிவில் அது இல்லை. ஒருமுறை காதால் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எனக்கு வசதியாகவே இருந்தது. அவருக்கும் அது தேவையாக இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன பிறகு ஏழாவது விதியைத் திருத்தினேன். ‘இல்லீங்க என்று வந்தால் நீயாக எதுவும் முடிவு செய்யாதே. என்னைக் கேள்.’ இப்போது அது கேட்கிறது. ஒரு வேலைக்கு நாலு இடத்தில் கேட்கிறது. நான் அந்தக் குடும்பத்தாருக்குப் போன் போட்டு, “திருவா, தெய்வத்திருவா?” என்று கேட்கிறேன். யாருக்கும் அது பிடிப்பதில்லை. நல்ல காரியத்தில் இப்படிப் பச்சையாகக் கேட்கலாமா என்று என் கணவரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குரல் பதிவுகளையும் இப்போது முழுதாகக் கேட்கிறேன். பாதி நாள் மறுபடி போகிறது.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். பொதுவாக நான் வாடிக்கையாளர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை. அழைப்பிதழில் பிழை கண்டுபிடித்த யாராவது ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் அதைச் சொல்லத் தவற மாட்டார். இதற்கு மட்டும் போனேன். என்னிடம் யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மெஷின் தப்புங்க. பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அந்த அம்மாவின் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா மேடைக்குக் கீழே ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அதே அளவு குங்குமம், தலையில் பூ. அழைப்பிதழைப் படித்தவர்களுக்கும் அந்தக் குங்குமம் தெரிந்திருக்கும். யாரும் அதை உற்றுப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். தாலி கட்டி முடிந்ததும் மகள் முதலில் அம்மாவைத்தான் தேடினாள்.

நான் பந்தியில் உட்கார்ந்தேன். சோறு போட்டுச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வரிசையாக ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். என் இலைக்கு எதிரே வந்ததும் நின்றார். குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

“ஒருத்தருமே கேக்கலீங்க, சாமி.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “என்னங்க?” என்றேன்.

“பத்திரிக்கைல அது தப்புங்களான்னு. ஒருத்தராச்சும் கேப்பாங்கன்னு இருந்தனுங்க. கேட்டா, மெஷின் தப்பு, அவரு இருக்கறாருன்னு சொல்லலாம்னு அத்தன ஊட்டுக்கும் நானே நடந்து போயிப் பத்திரிக்கை வெச்சேன். மாப்பிள்ளை ஊட்ல படிச்சாங்க. எங்க ஒறம்பரை சனமெல்லாம் படிச்சாங்க. பேக்டரில அத்தன பேரும் படிச்சாங்க. படிச்சுப் போட்டு, ஜோரா இருக்குது, எங்க அடிச்சதுன்னாங்க.” முந்தானையை வாயில் வைத்து ஒரு கணம் நின்றார். “இத்தன வருசமா நான் ஒருத்திதான் அவரு இருக்கறாருன்னு நெனச்சிட்டு இருந்திருக்கறனுங்க.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும். பக்கத்து இலைக்காரர் எங்களைப் பார்த்தார். அந்த அம்மா நிமிர்ந்து, முகத்தைச் சரி செய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் என்னைக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லட்டுங்களா?”

போடச் சொல்லுங்க என்றேன்.